இரண்டாம் பாகத்தில் வந்த தச்சன்

கதையைக் காதுக்குப் பின்னாலிருந்து கழற்றி வைத்துவிட்டுச் செங்கமலம் பல் துலக்கினாள். சனிக்கோளின் வளையத்தில் மிதக்கும் பனிவெட்டு நிலையத்தில் எல்லோரும் அப்படித்தான் எழுவார்கள். கனவூட்டி என்று அதற்குப் பெயர். காசு போல ஒரு வில்லை. உறங்குகிறவரின் நெஞ்சுத் துடிப்பைத் தொட்டுப் பார்த்தபடியே ஒரு நாவலைக் கனவாக ஓட்டிவிடும். பகலெல்லாம் பனியை அறுத்து மரத்துப்போன கைகளுக்குப் புத்தகம் பிடிக்கும் வேலை மிச்சம்.

அன்று கண்ணாடியில் தெரிந்த முகம் சிரித்துக்கொண்டிருந்தது. ‘முகிலாறு’ கதையின் இரண்டாம் பாகம் முந்தின நாள்தான் பூமியிலிருந்து வந்திருந்தது. முதல் பாகத்தை அவள் கனவாகக் கண்டவள் அல்ல. பனிப்பாறை சரிந்து கணவன் வளையத்துக்குள் காணாமல் போன வருடம், நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக் கூட்டப் பழகி, வரி வரியாகப் படித்தவள். மேகங்களின் ஊடே ஓடும் ஆற்றில் படகு விட்ட காரியன் திரும்பவில்லை. மனைவி நாகலி கரையில் விளக்கேற்றிக் காத்திருக்கிறாள். அத்தோடு முடிந்திருந்தது. நாகலி என்ன ஆனாள் என்று தெரியாமல் செங்கமலத்துக்குக் கஞ்சி இறங்காத நாட்கள் உண்டு.

இப்போது தெரிந்துவிட்டது. கனவில் மேகம் பாலாடை போல விலகியது. படகு வந்தது. நனைந்த தலையோடு காரியன் இறங்கி, “விளக்கை அணை, நாகலி. கண்ணு கூசுது” என்றான்.

உணவுக்கூடத்தில் பாசிக்கஞ்சியோடு உட்கார்ந்திருந்த தவமணியிடம் ஓடினாள். அவள் கணவனோடு ஒரே கலத்தில் வேலை செய்தவன். இன்னும் கல்யாணம் ஆகாதவன்.

“காரியன் வந்துட்டாம்லா! பாத்தியா தம்பி?”

“எங்க வந்தான்? அவந்தான் செத்துட்டானே மதினி.” தவமணி கஞ்சியைக் கிண்டினான். “நாகலி விளக்கை ஆத்துல விட்டுட்டு, கரையில இருந்த தச்சனைக் கட்டிக்கிட்டா.”

“எந்தத் தச்சன்? கதையில தச்சனே கெடையாதே!”

“ரெண்டாம் பாகத்துல வாரான். நல்ல பையன்.”

“ஆமா, வந்தான். வாயப் பொளந்துக்கிட்டுத் தூங்கிருப்ப. கதை வெளிய ஒழுகிருக்கும்.”

பக்கத்து மேசைக்காரன் திரும்பி, காரியன் ராசா ஆகிவிட்டதாகச் சொன்னான். ஒவ்வொருவர் காரியனும் ஒவ்வொரு கரையில் இறங்கியிருந்தான்.

செங்கமலம் நேராக நூலகியிடம் போனாள். கதைகளைக் காத்து வழங்கும் இயந்திரம் அது.

“எது நெசம்?”

“உங்கள் நெஞ்சு எதற்குத் துடித்ததோ, கதை அந்தப் பக்கம் திரும்பியது. குறை உண்டா?”

“நான் நெனைச்சதையே எனக்குச் சொல்லுததுக்குக் கதை எதுக்கு? எழுதினவ எழுதினதைக் குடு.”

நூலகி மறுக்காமல் தாள்களை நீட்டியது. ஓய்வு நாளில் சன்னலோரம் உட்கார்ந்து, வெளியே பனித்துகள்கள் பொன்னாய் நகர்ந்துகொண்டிருக்க, வரியில் விரல் வைத்துப் படித்தாள். காரியன் வரவில்லை. தச்சன் எவனும் வரவில்லை. ஒரு நாள் எண்ணெய் தீர்ந்தது. நாகலி கதவைச் சாத்திவிட்டு உறங்கினாள். மறுநாள் எழுந்து வலை பின்னினாள். இன்னும் நிறையப் பக்கங்கள் இருந்தன. எல்லாவற்றிலும் வலைதான் பின்னினாள்.

செங்கமலம் தாள்களைத் திருப்பிக் கொடுத்தாள்.

“ஐந்துக்கு எத்தனை விண்மீன் தருகிறீர்கள்?” என்றது நூலகி.

“ஒண்ணு. அதுவும் தாளுக்கு. எழுதின இந்தப் பொம்பளைக்கு நாகலியைப் பத்தி என்ன தெரியும்?”

மறுநாள் காலை தவமணி கேட்டான்: “நெசக் கதைய வாங்கிப் படிச்சியாமே மதினி. என்ன போட்டிருக்கு?”

செங்கமலம் கஞ்சியை ஊதினாள். “நான் கண்டதுதான். காரியன் வந்துடுதான். ஒரு எழுத்து மாறல.”

தவமணி அவளைப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான்.

“அப்படியா? நான் ஒனக்கு முன்னமே வாங்கிப் படிச்சேனே. தச்சனைத்தான் கட்டிக்கிடுதா.”

உணவுக்கூடத்தில் நெசக் கதையை வாங்கிப் படித்தவர்கள் இன்னும் பலர் இருந்தார்கள். எல்லோருக்கும் அதில் அவரவர் கண்டதே எழுதியிருந்தது.