பக்கெட் பின் அளவு

பொக்லைனின் நீண்ட கை தரையில் படுத்திருந்தது. அதன் நுனியில் இருந்த பக்கெட்டுக்கு அடியில் ஜெகநாதன் ஒருக்களித்துக் கிடந்தார். இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. தலையும் தோளும் மட்டும், பக்கத்தில் கிடந்த, பாறை உடைக்கும் பழைய பிரேக்கரின் மேல் சாய்ந்திருந்தன. எண்ணெய்க் குழாயின் மூட்டு கழன்று, கறுத்த எண்ணெய் அவர் சட்டையெல்லாம் வழிந்திருந்தது.

காலை எட்டு மணி. துர்கா ஷெட்டின் வாசலிலேயே நின்றுவிட்டாள். அவளை முந்திக்கொண்டு சிங்காரம் ஓடினார்.

“பாவா... பாவா...”

மண்டியிட்டு, அக்கா புருஷனின் மார்பைக் கட்டிக்கொண்டு குலுக்கினார். எழுந்தபோது அவருடைய வெள்ளைச் சட்டை முழுக்க எண்ணெய்.

துர்காவுக்கு அழுகை வரவில்லை. கையிலிருந்த போனையே வெறித்துப் பார்த்தாள். சற்று முன்புதான் ஜெகநாதனிடமிருந்து அவளுக்குச் செய்தி வந்திருந்தது. ‘பக்கெட் பின் 80 மி.மீ.’ அதற்குள் எப்படி?

திருத்தணியிலிருந்து அரக்கோணம் போகும் சாலையில் இருக்கிறது ஜெகநாதனின் யார்டு. மூன்று பொக்லைன், இரண்டு டிப்பர். குவாரிகளுக்கு வாடகைக்கு விடுவார். அலுவலக வேலை துர்காவுடையது. கொள்முதல், பேரம், வெளி மனிதர்களைப் பார்ப்பது எல்லாம் மச்சான் சிங்காரத்தின் பொறுப்பு. மெஷினை அவர் தொடமாட்டார். வெள்ளைச் சட்டை அழுக்காகும் என்பார்.

இன்ஸ்பெக்டர் நிர்மலா ஒன்பது மணிக்குள் வந்துவிட்டார். உடலை எடுத்து அனுப்பும் வரை யாரிடமும் அதிகம் பேசவில்லை. மெஷினை ஒருமுறை சுற்றி வந்தார். டிரைவர் கேபினில் ஏறி எட்டிப் பார்த்தார். அங்கே ஒரு சார்ஜர் ஒயர் தொங்கிக்கொண்டிருந்தது. பிறகு துர்காவின் எதிரே ஒரு டயரை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“விடிகாலையில இங்க இன்னா வேலை அவருக்கு?”

“பக்கெட் பின் அளக்கணும்னு சொன்னாரு மேடம். பக்கெட்டைக் கையோட கோக்கற இரும்புத் தண்டு.”

“எதுக்கு?”

“வெளிநாட்டு பிரேக்கர் ஒண்ணு வாங்கறதா இருந்துச்சு. பாறை உடைக்கிறது. இந்தக் கையில பக்கெட்டைக் கழட்டிட்டு அதை மாட்டுவாங்க. கொட்டேஷன் கேட்டா கம்பெனிக்காரங்க முதல்ல கேக்கறதே பின் எவ்ளோ தடிமன், அந்தப் பின்னைத் தாங்கற ரெண்டு காதுக்கும் நடுவுல எவ்ளோ எடம், எண்ணெய் எவ்ளோ வேகமா ஓடுதுன்னுதான். ஒரு மில்லிமீட்டர் தப்பாப் போனாலும் கப்பல்ல வந்து எறங்குறது இங்க மாட்டாது. மத்ததெல்லாம் எழுதிட்டேன். பின் அளவும் காது அளவும் மட்டும் பாக்கி.”

“பழைய பிரேக்கர் இருக்குதே, அது வேணாமா?”

துர்கா தலையைக் குனிந்துகொண்டாள். “அதாலதான் எங்க ஹெல்பர் தணிகைவேல் செத்தாரு.”

போன மாதம், குவாரியில். பிரேக்கரின் இரும்பு போல்ட் ஒன்று ஓடும்போதே முறிந்து, பக்கத்தில் நின்ற தணிகைவேலின் கழுத்தில் பாய்ந்தது. போல்ட்டைத் தளர்வாக விட்டது அவனுடைய தப்பு என்று பேசிக்கொண்டார்கள். ஜெகநாதன் மட்டும் தன் பராமரிப்புதான் சரியில்லை என்று சொல்லி, அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. புதிது வாங்கும் வரை எந்த மெஷினும் பாறை உடைக்கக் கூடாது என்று நிறுத்தியும் வைத்தார்.

“புதுசு வாங்கறப்ப பழசை மாத்திக்கினு கழிச்சுக் குடுப்பீங்களான்னு கேட்டிருந்தோம் மேடம். அதோட நம்பர் தகட்டைப் போட்டோ எடுத்து அனுப்பினேன்.”

“பதில் வந்துச்சா?”

“நேத்து சாயங்காலம் அவருக்கே போன் பண்ணாங்க. பேசிட்டு ரொம்ப நேரம் சும்மா உக்காந்திருந்தாரு. அப்புறம், பழைய பிரேக்கரை யாரும் தொடக் கூடாதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லச் சொன்னாரு. சொன்னேன்.”

“எல்லார்கிட்டயுமா?”

“ஆங். சிங்காரம் அண்ணன்கிட்டதான் முதல்ல.”

நிர்மலா எதுவும் குறித்துக்கொள்ளவில்லை. “இன்னிக்குக் காலையில?”

“ஏழு மணிக்கு அண்ணன் கார்ல எங்க வூட்டுக்கு வந்தாரு. கொட்டேஷன் இன்னிக்கே போவணும், பாவா சீக்கிரம் கூட்டியாரச் சொன்னாருன்னாரு. அம்மா காபி போட்டாங்க. குடிச்சுகினு இருக்கறப்பதான் மெசேஜ் வந்துச்சு.”

“அப்போ சிங்காரம் இன்னா பண்ணிகினு இருந்தாரு?”

“எதிர்லதான் உக்காந்திருந்தாரு. போனை மடியில வெச்சுப் பாத்துகினு இருந்தாரு.”

சிங்காரம் சற்றுத் தள்ளி, அக்காவின் பக்கத்தில் நின்றிருந்தார். ஜெகநாதனின் மனைவி கௌரியம்மாள் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, எண்ணெய் படிந்த தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். யார் சொன்னதும் அவள் காதில் விழுந்த மாதிரி இல்லை.

“துர்கா, நீங்களே அந்தப் பின்னை அளந்து காட்டுங்க,” என்றார் நிர்மலா.

துர்கா தடிமன் அளக்கும் வெர்னியரை எடுத்துக்கொண்டு மெஷினருகே போனாள். பின்னின் முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதன்மேல் கிரீஸும் குவாரிப் புழுதியும் சேர்ந்து காய்ந்து ஒரே பொருக்காக அப்பியிருந்தது. வெர்னியரை வைக்கவே முடியவில்லை. ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினாள். பொருக்கு பெயர்ந்து, உள்ளே இரும்பு பளிச்சென்று தெரிந்தது. துணியால் துடைத்து, அளவை வைத்தாள். இன்னொரு முறை வைத்தாள்.

“தொண்ணூறு,” என்றாள்.

“மெசேஜ்ல?”

“எண்பதுன்னு இருந்துச்சு.”

“எண்பது எங்கேந்து வந்திருக்கும்?”

“இந்த மாடலுக்குப் புத்தகத்துல எண்பதுதான். ஆனா போன வருசம் ஓட்டை தேஞ்சுபோய், மொதலாளியே நின்னு லேத்துல பெருசாக் கடைஞ்சு, தடிச்ச பின் போட்டாரு. அவருக்கு அது தெரியாம இருக்காது மேடம்.”

“தெரியாம இருக்கிற ஆள் ஒருத்தர் இருக்காரே.”

நிர்மலா துர்காவின் கையிலிருந்த வெர்னியரை வாங்கிக் கீழே வைத்தார்.

“இன்னும் ஒண்ணு. ஜெகநாதன் போனை எங்க வெச்சுப்பாரு?”

“கேபின்லயே சார்ஜர்ல போட்டுருவாரு. ஒருவாட்டி குனியறப்ப சட்டைப் பையிலேந்து எண்ணெய் டின்னுல வுழுந்துடுச்சு. அதுக்கப்புறம் பையிலயே வெக்க மாட்டாரு. லாக்கும் கெடையாது, கை அழுக்கா இருந்தா தெறக்காதுன்னு.”

“நான் அதை எடுத்தது அவர் சட்டைப் பையிலேந்து.”

துர்கா சிங்காரத்தின் பக்கம் திரும்பினாள். எதிர் நாற்காலி. அம்மாவின் காபி. மடியில் போன். அந்த நேரத்தில் ஜெகநாதன் இங்கே செத்துக் கிடந்தார், அவருடைய போன் அவள் வீட்டுக் கூடத்தில் இருந்தது.

நிர்மலா எழுந்தார். குரலை உயர்த்தவில்லை.

“இந்தப் பின்னை இன்னிக்கு யாரும் அளக்கல. பொருக்குகூடக் கலையல. ஆனா அளவு வந்துருக்குது, அதுவும் தப்பா. அப்போ அனுப்பினது ஜெகநாதன் இல்ல. ஏழு மணிக்கு அவரு உசிரோட இருக்காருன்னு காட்ட வேண்டிய ஒருத்தர். அந்த ஆள் அப்புறம் போனைத் திருப்பி வெச்சாகணும். நாங்க வர்ற வரைக்கும் உடம்பைத் தொட்டது ஒரே ஆள்தான். கேபினுக்கு ஏறாம, எல்லார் கண்ணுக்கும் முன்னாடி பைக்குள்ள வெச்சுட்டீங்க, சிங்காரம்.”

“மேடம், நான் இன்னாத்துக்கு...” சிங்காரம் ஒரு அடி பின்வாங்கினார்.

“அவரு போன்ல நேத்து சாயங்காலம் வந்த நம்பருக்கு நான் முன்னாடியே பேசிட்டேன், பிரேக்கர் கம்பெனியோட சென்னை ஆபீஸ். அவங்க போட்டோவைப் பாத்துட்டு நேத்து ஜெகநாதன்கிட்ட சொன்னதையே என்கிட்டயும் சொன்னாங்க. அந்தத் தகட்டுல இருக்கிற நம்பர்ல அவங்க எந்த பிரேக்கரும் செய்யவே இல்ல. எங்கியோ வார்த்த டூப்ளிகேட், மேல பெயின்ட். வாங்கிக் குடுத்தது நீங்க. அதைத் தன் கண்ணால பாக்கத்தான் விடிகாலையில அவரு அதை இந்தப் பொக்லைன்ல சங்கிலி கட்டித் தூக்கி வெளிய வெச்சாரு. அவரு சாஞ்சு கெடந்தது பக்கெட் பின்னுகிட்ட இல்ல, அந்தத் தகட்டு மேல. எந்த டவர்லேந்து மெசேஜ் போச்சுன்னு மத்தியானத்துக்குள்ள வந்துடும்.”

சிங்காரம் தரையில் உட்கார்ந்தார். கான்ஸ்டபிள் இருவர் அருகே வந்தார்கள். அவர் அவர்களைப் பார்க்கவில்லை.

“கொல்லணும்னு வரல,” என்றார். “கெஞ்சத்தான் வந்தேன். டூப்ளிகேட்டுன்னு தெரிஞ்சுதான் வாங்கினேன், ஆனா அது ஆளைக் கொல்லும்னு தெரியாது. பாவா நிமிந்துகூடப் பாக்கல. பத்து மணிக்கு ஸ்டேஷனுக்குப் போறேன், தணிகைவேல் பொண்டாட்டி கால்ல வுழப்போறேன்னாரு. குனிஞ்சபடியே தகட்டைத் தடவிகினு இருந்தாரு. மெஷின் ஓடிகினு இருந்துச்சு. கேபின்ல ஏறிட்டேன். லீவரைத் தள்ளிட்டேன். அப்புறந்தான், விபத்து மாதிரி தெரியட்டும்னு குழாயைக் கழட்டினேன்.”

நேற்று மாலை, யாரும் பழைய பிரேக்கரைத் தொடக் கூடாதாம் அண்ணா என்று துர்காதான் சிரித்துக்கொண்டே போய்ச் சொன்னாள். அவர் அப்போது, சரிம்மா என்று சொல்லிவிட்டு அவளுக்கு ஒரு வாழைப்பழம் கொடுத்தார்.

கௌரியம்மாள் எழுந்து வந்தாள். தம்பியின் முன்னால் நின்றாள். அவனை அடிக்கப் போகிறாள் என்று நினைத்துக் கான்ஸ்டபிள் கையை நீட்டினார். அவள் அடிக்கவில்லை.

“அவரு கூப்டாராடா?”

சிங்காரம் முகத்தை மூடிக்கொண்டார்.

“கேக்கறன் இல்ல. யாரையாச்சும் கூப்டாரா?”

“ஆங்.”

“யாரை?”

வெளியே சாலையில் ஒரு பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

“என்னைத்தான், அக்கா. மெஷின் தானா எறங்குது, நான் பக்கத்துல நிக்கறேன்னு நெனைச்சுட்டாரு. சிங்காரம், கிட்ட வராத, தள்ளிப் போடான்னு கத்தினாரு.”