அறுக்காமல் விட்ட நோய்

தோட்டத்து ஆட்கள் காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகும் நேரத்தில் மூக்காயியின் வீட்டு வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. தெஹியோவிட்டப் பக்கத்து ரப்பர் தோட்டம் அது. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு வேன் வந்தால் ஒன்று கல்யாணம், இல்லை ஆஸ்பத்திரி. கொழும்பில் கடை வேலை செய்யும் மகன் சுரேந்திரன் இறங்கினான். பின்னாலேயே இறங்கிய நாத்தனார் தங்கம்மா, காலைக் கீழே வைக்குமுன்பே அழுகையைத் தொடங்கிவிட்டாள்.

"என் தம்பிய இப்பிடிப் போட்டு வச்சிருக்கியே மூக்காயி... உனக்கு நெஞ்சுல ஈரமே இல்லையா?"

மார்கழியில் மூக்காயியின் புருஷன் அய்யாவுக்குப் புரோஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் என்று கண்டுபிடித்தார்கள். சின்னது, மெதுவாக வளர்வது, வேண்டுமானால் அறுக்கலாம், ஆனால் இப்போதே அறுக்க வேண்டியதில்லை, அடிக்கடி ரத்தம் சோதித்துப் பார்ப்போம், மாறினால் வைத்தியம் செய்வோம் என்றார் டொக்டர். ஆனால் ஆஸ்பத்திரி மருந்தில்லாமல் வீட்டுக்கு அனுப்பினால் லயத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: கைவிரித்துவிட்டார்கள். பிஸ்கட் பெட்டியோடு பார்க்க வந்த பெண்கள், போகும்போது அவள் தாலியைப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஆபரேஷன் வேண்டாம் என்றது யார் என்று கேட்டவர்களுக்கெல்லாம், "நாந்தான்" என்றே சொல்லி வந்தாள், பாவி.

"அப்பாவ இன்னைக்கே கொண்டு போயி அறுக்கச் சொல்லப் போறேன். நீங்க வர வேணாம்" என்றான் சுரேந்திரன். "அவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா... இந்த வாசப்படிய மிதிக்க மாட்டேம்மா. நீங்க செத்தாலும் வர மாட்டேன்."

பெற்ற வயிறு எப்படித் தாங்கும்? மூக்காயி புருஷனின் சட்டையை மடித்துப் பையில் வைத்தாள்.

அய்யாவு வீட்டு முன்திண்ணையான இஸ்தோப்புக்கு வந்து நின்றார்.

"அவள ஏன்டா ஏசுற? வேணாம்னது நான்."

தங்கம்மாவின் அழுகை அப்படியே நின்றது.

"அறுத்தா மூத்திரம் நிக்காமப் போனாலும் போகலாம்னாங்க... இப்போதைக்குப் பாத்துக்கிட்டு இருந்தாப் போதும்னும் அவங்கதான் சொன்னாங்க. பட்டையில காயம் கண்டதுமே ரப்பர் மரத்தச் சாய்ச்சிருவோமா? குறி போட்டு வச்சுப் பாப்போம்ல, அது மாதிரிதான். ஆனா அய்யாவு கத்திக்குப் பயந்துட்டான்னு லயமே சிரிக்குமேன்னு... பழிய நீ ஏத்துக்கன்னு இவகிட்ட தலையில அடிச்சுச் சத்தியம் வாங்கினேன்." அவர் மூக்காயியைப் பார்த்தார். "இம்புட்டு ஏச்சு வாங்குவான்னு நெனைக்கல."

சுரேந்திரன் அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டான். "என்னைய அடிச்சிருக்கலாமேம்மா..."

மூக்காயி அவனைத் தூக்கி நெஞ்சோடு அணைத்தாள். அத்தனை மாதமும் அடக்கி வைத்த அழுகை அப்போதுதான் வந்தது.

"ஏச்சு பெருசில்லடா. ஒவ்வொரு தரம் ரத்தம் எடுக்கையிலயும் எனக்குக் குலை நடுங்கும்... அவருக்கு முன்னால அழ முடியாது, ஒங்ககிட்டச் சொல்ல முடியாது. வேனத் திருப்பி அனுப்பு. அடுத்த கிளினிக்குக்கு நீயும் வா. நான் அழுறதுக்குப் பக்கத்துல ஒரு ஆள் வேணும்."