ஒற்றைப் பீப்பாய்க் களவு

ஃபோன் அலறியது.

ஓஸ்லோவின் குரோருட்டில், தன் சமையலறையில் தோசை வார்த்துக்கொண்டிருந்த வினோஜா கரண்டியைப் போட்டுவிட்டு எடுத்தாள்.

"வினோ... போத்தலைக் காணேல்லை!"

லதீசன். அவள் வேலை செய்யும் விஸ்கி கிளப்பின் பாதுகாப்புப் பொறுப்பாளன்.

"எந்தப் போத்தல் அண்ணா?"

"எந்தப் போத்தலோ? தீவுப் போத்தல்!"

தோசை கருகியது. அவள் கவனிக்கவில்லை.

வடகடலில் ஆளை விட ஆடு அதிகமாக வாழும் ஒரு தீவு. அங்கே ஒரு சின்ன வடிசாலை. வேறெதையும் கலக்காமல், ஒரு சொட்டுத் தண்ணீர்கூடச் சேர்க்காமல், ஒரே ஒரு பீப்பாயில் இருந்ததை அப்படியே போத்தலில் அடைத்தார்கள். பிறகு வடிசாலையையும் மூடிவிட்டார்கள். நோர்வேயில் மிஞ்சியிருந்தது ஒரேயொரு போத்தல்... கிளப்பின் நிலவறையில்!

அந்த நிலவறைக்கு வினோஜாதான் பொறுப்பு.

"சாவி உன்னட்டையும் முதலாளியிட்டையும்தானே..." இழுத்தான் லதீசன்.

"அதுக்கு?"

"முதலாளி தன்ரை போத்தலைத் தானே களவெடுப்பாரோ?"

"கமராவைப் பாருங்கோவன்!"

"கமரா பழுது."

"நான் எடுக்கேல்லை!"

"கத்தாதை. முதலாளியும் உன்னைத்தான் சந்தேகப்படுறார். உன்ரை நல்லதுக்குத்தான் சொல்லுறன். எடுத்தனான் எண்டு ஒத்துக்கொண்டு மன்னிப்புக் கேள். முதலாளி பொலிசுக்குப் போகாமல் நான் பாக்கிறன். வேலை மட்டும்தான் போகும்."

"ஒத்துக்கொள்ளாட்டி?"

"பின்னேரம் பொலிஸ் வந்து கதவைத் தட்டும். கள்ளி எண்ட பேரோடை ஓஸ்லோவிலை உனக்கு ஆர் வேலை தருவினம்? யோசி. நான் ஸ்டோவ்னரிலை நிக்கிறன். அக்கான்ரை மகளுக்குப் பிறந்தநாள்."

அவள் அடுப்பைப் பட்டென்று அணைத்தாள்.

"வாறன்... நேரிலை வந்தே சொல்லுறன்!"

தே-பானே ரயிலில் ஏறி ஸ்டோவ்னரில் இறங்கினாள். பனிச்சேற்றை மிதித்துக்கொண்டு பிறந்தநாள் மண்டபத்தை நோக்கி விறுவிறுவென்று நடந்தாள். செய்யாத களவுக்கு மன்னிப்பா? உயிரே போனாலும் முடியாது!

தமிழர் கொண்டாட்டம் என்றால் உள்ளே கேக், வெளியே டிக்கி. பெண்கள் மண்டபத்துக்குள் இருக்க, ஆண்கள் திறந்து கிடக்கும் ஏதாவதொரு கார் டிக்கியைச் சுற்றி நிற்பார்கள். ஏன் நிற்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் கேட்பதில்லை.

அன்றும் ஒரு வெள்ளை டெஸ்லாவைச் சுற்றி ஒரு கூட்டம். நடுவில் சோதிலிங்கம். கோயில் சபைத் தலைவர். குடியை அடியோடு விட்டுவிட்டதாக மனைவி உதயகுமாரிக்குக் கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் செய்தவர்.

வினோஜாவைக் கண்டதும் பேப்பர் கப் அவர் முதுகுக்குப் பின்னால் போனது.

"என்ன மாமா குடிக்கிறியள்?"

"கோலா, பிள்ளை."

காற்று அவள் பக்கம் வீசியது.

கரிப்புகை... கடலுப்பு... ஆஸ்பத்திரி டிங்சர்...

அந்த மணம் வினோஜாவுக்கு நன்றாகத் தெரியும். "காட்டுங்கோ போத்தலை!"

டயருக்குப் பின்னாலிருந்து போத்தல் வந்தது. அதே தீவு. அதே பீப்பாய். வெறும் போத்தல்!

"ஐயோ... முழுக்கக் குடிச்சிட்டியளோ?"

"மனுசர் குடிக்கிற சாமானோ இது? மருந்து மாதிரி நாறுது! கோலாவை நிறைய விட்டுத்தான் ஒருமாதிரி இறக்கினனாங்கள்."

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழ இது நேரமில்லை.

"ஆற்றை கார் இது?"

"மகேசன்ரை எண்டு நினைச்சம். வெள்ளை டெஸ்லா, டிக்கி திறந்துதான் கிடக்கு எண்டு சொன்னவன். இப்ப பாத்தா அவன்ரை அங்காலை நிக்குது. இது ஆற்றையோ, முருகா!"

ஓஸ்லோவில் வெள்ளை டெஸ்லாவுக்கா பஞ்சம்?

வினோஜா மண்டபத்துக்குள் பாய்ந்தாள். முன் வரிசையில் பட்டுச் சேலையில் ஹம்சிகா. பள்ளித் தோழி. இப்போது பொலிஸ். அவள் காதில் விஷயத்தைப் போட்டுவிட்டு நேரே மேடைக்குப் போய் மைக்கைப் பிடுங்கினாள்.

"ஒரு அறிவித்தல்! வெளியிலை ஒரு வெள்ளை டெஸ்லான்ரை டிக்கி திறந்து கிடக்கு. உள்ளுக்கிருந்த விஸ்கிப் போத்தலை மாமாமார் குடிச்சு முடிச்சிட்டினம்!"

மண்டபம் கொல்லென்று சிரித்தது.

ஒரே ஒருவன் சிரிக்கவில்லை.

கையிலிருந்த கேக் தட்டை எறிந்துவிட்டு வாசலுக்கு ஓடினான்... லதீசன்!

டிக்கிக்குள் தலையை விட்டுத் துழாவினான். "ஐயோ!" என்று தலையில் அடித்துக்கொண்டான். திரும்பினான்.

எதிரே வினோஜா. பக்கத்தில் ஹம்சிகா. பின்னால் முழு மண்டபமும்.

"என்ன அண்ணா தேடுறியள்?" என்றாள் வினோஜா.

ஒரு கணம்தான். அவன் முகம் மாறியது.

"ஹம்சிகா, பிடியுங்கோ இவளை! நிலவறைச் சாவி இவளிட்டைத்தான். களவெடுத்துக் கொண்டுவந்து என்ரை காருக்கை வச்சிட்டு நாடகம் ஆடுறாள்!"

"பொய்! நான் இப்பத்தான் வந்தனான். மாமா, சொல்லுங்கோ! நான் வாறதுக்கு முதலே நீங்கள் போத்தலை எடுத்திட்டியள்தானே?"

எல்லாக் கண்ணும் சோதிலிங்கத்தின் மேல்.

சோதிலிங்கத்தின் கண் உதயகுமாரியின் மேல்.

"நானோ?... நான் கோலாதான் குடிச்சனான்..."

மற்ற மாமாமார் பனியில் எதையோ தேடினார்கள்.

லதீசன் சிரித்தான். "பாத்தியோ வினோ? அப்பவே மன்னிப்புக் கேட்டிருக்கலாம்."

"கேக்க மாட்டன்!" அவள் குரல் கார் நிறுத்துமிடம் முழுக்கக் கேட்டது. "மறியலிலை கம்பி எண்ண விட்டாலும் கேக்க மாட்டன்! செய்யாத களவு என்ரை வாயாலை வராது!"

"ஏன் பிள்ளை நீ கேக்க வேணும்?"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள் உதயகுமாரி. கையில் ஃபோன்.

"டிக்கி திறந்தா இந்த மனுசன்ரை மூக்கு அங்கை நீளும் எண்டு எனக்குத் தெரியும். கையும் மெய்யுமாப் பிடிக்க வேணும் எண்டு, அந்தக் கார் வந்து டிக்கி திறந்த உடனேயே யன்னலாலை வீடியோ எடுக்கத் துவங்கிட்டன். ஆனா அதிலை முதல் வாறது என்ரை மனுசன் இல்லை!"

ஹம்சிகா குனிந்து பார்த்தாள்.

திரையில் லதீசன். டிக்கியைத் திறக்கிறான். துவாயில் சுற்றிய போத்தலைப் பிரித்துப் பார்க்கிறான். முத்தம் கொடுக்கிறான்! திரும்பச் சுற்றி மூலையில் ஒளித்துவிட்டு, ஸ்பீக்கர் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகிறான். இரண்டு கையும் பாரம். டிக்கி திறந்தபடி...

"கமரா பழுது எண்டியள் அண்ணா," என்றாள் வினோஜா. "மாமியின்ரை கமரா நல்லா வேலை செய்யுது!"

லதீசன் பனியில் அப்படியே குந்திவிட்டான். "சாவிக்கு நகல் அடிச்சனான்... வாங்கிறவன் பின்னேரம் வரச் சொன்னவன்... பாவியள், கோலா விட்டுக் குடிச்சிட்டாங்களே!"

"பொலித்தி!" பொலிஸ் அடையாள அட்டையை நீட்டினாள் ஹம்சிகா. "எழும்புங்கோ. ஜீப் வருது."

வினோஜா முதலாளிக்கு ஃபோன் போட்டாள். "கள்ளனைப் பிடிச்சாச்சு! நாளைக்கு நான் வேலைக்கு வாறன். என்னைக் கள்ளி எண்டு நினைச்சதுக்கு நீங்கள் மன்னிப்புக் கேக்கலாம்!" என்று நோர்வேஜிய மொழியில் சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வைத்தாள்.

ஜீப் வந்தது. லதீசனை ஏற்றினார்கள். கதவை மூடப்போன ஹம்சிகாவின் கையைப் பிடித்தார் சோதிலிங்கம். பின்னால் உதயகுமாரி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்துகொண்டிருந்தாள்.

"தங்கச்சி... உள்ளுக்கை இன்னொரு ஆளுக்கு இடமிருக்கோ? இண்டைக்கு வீட்டை போறதை விட மறியல்தான் எனக்குப் பாதுகாப்பு!"