மூடி பொருந்திய ஜாடி

இடிக்கப்போகும் ஒரு பழைய வீட்டின் சமையலறை அலமாரியில்தான் அது கிடைத்தது. தேயிலை போட்டு வைக்கும் ஆங்கிலேய மண் ஜாடி. வயது இருநூறுக்கு மேல் இருக்கும். மங்கிய வெள்ளையில் நீலப் பூக்கள். "கொண்டு போயிடுங்க சார், எங்களை விட்டுப் போனா சரி" என்று காவல்காரர் அவசரமாகக் கதவைச் சாத்தினார்.

ஓய்வுபெற்ற தபால் அதிகாரிக்குக் கால் தரையில் பாவவில்லை. வீட்டில் ஏற்கெனவே பதினோரு ஜாடிகள். ஒன்றுக்கும் மூடி கிடையாது. இந்த வகையில் ஜாடி தப்பும், மூடி தப்பாது. இதற்கு மூடி இருந்தது.

"பன்னிரண்டு ஜாடி. ஒண்ணுலயாவது ஒரு ஸ்பூன் டீத்தூள் உண்டா?" என்று கேட்டுவிட்டு, மனைவி உள்ளறையில் தங்கையோடு போனில் பேச உட்கார்ந்தாள்.

மூடி இதனுடையதேதானா, வேறொன்றிலிருந்து வந்ததா? சேகரிப்பவர்களுக்கு அதுதான் முதல் கேள்வி. சாப்பாட்டு மேசையில் வைத்து, பூவோடு பூ சேரும்படி மூடியைத் திருப்பினார். உள்ளே பேச்சு பாதியில் நின்றது. எடுத்தார். பேச்சு தொடர்ந்தது.

சிக்னல் சரியில்லை என்று நினைத்துக்கொண்டார்.

மறுபடி மூடினார். மறுபடி நின்றது. எடுத்ததும் இருமல்.

"ஏங்க... திடீர்னு மூச்சே வரலைங்க."

"ஃபேனைப் போடு, இதோ வந்துட்டேன்." வாய்தான் சொன்னது. கை மூன்றாம் முறையாக மூடியைத் திருப்பியது. அச்சு அசலாகப் பொருந்தியது.

உள்ளறையில் எதுவோ விழுந்தது.

மூடியை இழுத்தார். வரவில்லை.

ஈரத் தேயிலை வாசனை மெல்லக் கசிந்தது.

அப்போதுதான் புரிந்தது. ஜாடிகள் வைக்கும் அலமாரிக்கு ஆணி அடித்த சுத்தியல் கையருகிலேயே கிடந்தது. ஆனாலும் ஒரு கணம் தயங்கினார். மூடியோடு கிடைத்த ஒரே ஜாடி ஆயிற்றே. அந்த ஒரு கணத்துக்காக அவர் தன்னை மன்னிக்கவே போவதில்லை.

அடித்தார். மூடி சில்லுசில்லாகச் சிதறியது. யாரோ நீளமாக மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டது. அப்பாடா என்று உள்ளே ஓடினார்.

கட்டிலோரம் சரிந்து கிடந்தாள். கண் திறந்திருந்தது. மார்பு அசையவில்லை. உலுக்கினார், கன்னத்தைத் தட்டினார். வேறு என்ன செய்வதென்று தெரியாமல் அவள் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். தரையில் கிடந்த போனில் தங்கை கத்தினாள்.

"அக்கா? லைன்ல இருக்கியா?"

அவருக்குப் பின்னால், சாப்பாட்டு மேசையிலிருந்து, மனைவியின் குரல் பதில் சொன்னது.

"இருக்கேன்டி. சொல்லு."