இத்தா வீட்டுக் குடம்

அசர் தொழுகை முடிந்த பின்னேர வெயிலில் குடம் மெல்ல முனகியது. வாசலில் யாரும் இல்லை.

நதீரா பழக்கத்தில் திரைக்குப் பின்னால் ஒதுங்கினாள். கணவன் மவுத்தாகித் துக்கம் காக்கும் இத்தாவில் இருக்கிறவளை அந்நிய ஆண் பார்க்கக்கூடாது. ஆள் வருவதை அந்தக் குடம்தான் முன்கூட்டிச் சொல்லும். கல்முனையில் ரேடியோ திருத்திய அவள் கணவன் மக்கீன், பழைய ரேடியோ ஒன்றைப் பெட்டரியில் ஓடவிட்டு, அதன் ஸ்பீக்கர் சுருளைப் பித்தளைக் குடத்தின் வயிற்றில் ஒட்டி, ரேடியோவிலிருந்து வாசல் நிலைக்குக் கம்பி கட்டியிருந்தான். கம்பியை ஆள் நெருங்க நெருங்கக் குடத்தின் சத்தம் ஏறும். ஐந்து வயது மகள் சுலைஹாவுக்காகச் செய்த விளையாட்டு அது. கையை ஆட்டி ஆட்டிக் குடத்தைப் பாடவைப்பாள் பிள்ளை.

ஐம்பத்தேழாம் ஆண்டு மார்கழி வெள்ளம் இருவரையும் கொண்டுபோனது. மக்கீனின் மையித்து மாவடிப்பள்ளி வயலில் கிடைத்தது. பிள்ளை கிடைக்கவில்லை. கிடைக்காத பிள்ளையைச் செத்த பிள்ளை என்று எந்தத் தாய் சொல்வாள்? நாலு மாதமாக நதீரா சொல்லவில்லை.

"உம்மா, ஆரோ வாறாங்க."

நதீராவின் தாய் சபியா உம்மா வாசலை எட்டிப் பார்த்தாள். "ஒத்தரும் இல்ல மகள். அந்தப் பெட்டரியக் கழட்டி வெச்சிரு. எனக்கு நெஞ்சப் பிசையிது."

"வேணாம் உம்மா. சுலைஹா வந்தா எப்பிடித் தெரியும்?"

சபியா உம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, தானே போய்ப் பெட்டரி வயரைப் பிடுங்கினாள்.

குடம் நிற்கவில்லை.

காய்ந்து வெடித்த சித்திரை மண்ணோடு, ஒரு துளி மழையும் காணாத முற்றத்திலிருந்து, வெள்ளச் சேற்றின் நாற்றமும் ஊறி அழுகிய வைக்கோலின் புளிப்பும் கலந்து வீட்டுக்குள் வந்து, கூடத்தை நிறைத்து, நதீராவின் தொண்டையில் தங்கின. சத்தம் ஏறியது. பெரியவர்கள் வந்தால் குடம் தடித்து உறுமும். இது மெல்லிசு. சின்ன உடம்பின் சத்தம். ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறியது.

சபியா உம்மா ஓதத் தொடங்கினாள். நாக்குக் குழறியது.

நதீரா திரையை விலக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். "வா மகள்! உம்மா இஞ்சதான் இரிக்கன்!"

வெறும் காற்று. குளிர்.

அவளுடைய வெள்ளைச் சேலையில், முழங்கால் உயரத்தில், ஈரச் சேறு பதிந்தது. ஐந்து விரல். பக்கத்தில் இன்னும் ஐந்து. துணி கசங்கியது. இறுகியது.

"மகள், வெளிய போகாத!" என்று அலறினாள் சபியா உம்மா.

சேலை வாசல் பக்கம் இழுபட்டது. யாரும் இல்லாத வெயிலுக்குள், அந்த வெள்ளம் வந்த ஆற்றுப் பக்கமாக, விறைத்து நீண்டது. நதீரா அதன் பின்னால் படியிறங்கினாள்.