கொசு அண்டாத வீடு

அந்தக் கொசு பாதி வழியில் திரும்பிப் போனதை அவள் பார்த்தாள்.

வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்த நேரம். கட்டில் ஓரத்தில் புருஷன் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான், மடியில் ஆறு வயது மகள். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பெண் கொசு கிளம்பி, கணுக்கால் உயரத்திலேயே தாழப் பறந்து, அவன் குதிகாலுக்கு ஒரு சாண் தூரம் வரைக்கும் வந்து, அங்கே ஏதோ சுவர் நிற்பதுபோலத் தயங்கி, இடமும் வலமுமாக ஒரு தடவை அலைந்து, வந்த வழியே போய் அலமாரி நிழலில் ஒட்டிக்கொண்டது. வேறு யாராக இருந்தாலும் கண்ணில் பட்டிருக்காது. பட்டிருந்தாலும் ஒன்றும் தோன்றியிருக்காது. அவளுக்குக் கொசுதான் பிழைப்பு.

கொசு ஒழிப்புத் துறையின் ஆய்வுக்கூடத்தில் எட்டு வருஷமாக வேலை. மருந்தைச் சோதிக்கவும் மோப்பத்தைச் சோதிக்கவும் அங்கே கொசு வளர்க்கிறார்கள். கூண்டிலேயே பிறந்து கூண்டிலேயே சாகிற, நோய் இல்லாத கொசு. பெண் கொசு முட்டையிட ரத்தம் வேண்டும். அந்த ரத்தம் அவளுடையது. தினமும் காலை பத்து மணிக்கு, கூண்டின் பக்கவாட்டில் தைத்த துணிக்குழல் வழியாக இடது கையை உள்ளே விட்டுப் பத்து நிமிஷம் அசையாமல் உட்கார வேண்டும். அந்தக் கைக்குச் சோப்பு கூடாது, எண்ணெய் கூடாது, களிம்பு கூடாது. வேலையிடத்தில் அவளுக்குப் பேரே கைக்காரி.

பசித்த கொசு எப்படி வரும், எங்கே தயங்கும், எங்கே உட்காரும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். ஒரு சாண் தூரம் வரை வந்துவிட்டு எந்தக் கொசுவும் மனுஷனை வேண்டாமென்று திரும்பியதில்லை.

"என்ன அங்கயே பாக்குற?" என்றான் புருஷன்.

"ஒன்னுமில்லீங்க."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவனை 'யோவ்' என்றுதான் கூப்பிடுவாள். காய்ச்சல் ஆஸ்பத்திரியிலிருந்து அவன் திரும்பி வந்த இந்த ஒன்பது நாளில் அந்த 'யோவ்' ஒரு தடவைகூட வாயில் வரவில்லை. முன்பின் தெரியாத ஆளிடம் பேசுவதுபோல 'நீங்க, வாங்க' என்றுதான் வருகிறது.

மறுநாள் கூண்டுக்குள் கையை விட்டு உட்கார்ந்திருந்தபோது, பக்கத்து மேசையில் புழுத்தட்டுகளுக்குத் தீனி தூவிக்கொண்டிருந்த தொட்டிக்காரரிடம் கேட்டாள். கொசுப்புழு வளர்க்கும் வேலை அவருக்கு. அவளுக்கு முன்னாலிருந்தே அங்கே இருப்பவர்.

"அண்ணே, கொசு கடிக்காத ஆளு உண்டா?"

"நம்ம மேனேஜர் இருக்காரே. உள்ள ரத்தம் இருந்தாத்தானே கடிக்கும்."

"வெளையாடாதீங்க. எங்க வீட்டுக்காரரச் சொல்றேன்."

"அட, பதினஞ்சு வருஷமா புகை மெஷினத் தோள்ல மாட்டிக்கிட்டுத் தெருத்தெருவா அடிச்ச ஆளும்மா. ரத்தமே மண்ணெண்ணெய் ஆயிருக்கும். கொசு மோந்து பாத்துட்டு, இங்க நமக்குச் சரிப்படாதுன்னு கிளம்பிருக்கும்."

அவளும் சிரித்தாள். ஆனால் அந்தப் பதினைந்து வருஷமும் அவனைக் கொசு பிய்த்துத் தின்றதை அவள் பார்த்திருக்கிறாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் டீசல், புகை, மருந்து, அதற்கெல்லாம் அடியில் நாளெல்லாம் மெஷின் சுமந்தவனின் புளித்த வேர்வை என்று ஒரு நெடி அவனுக்கு முன்னாலேயே படியேறி வரும். 'நான் கொல்றதவிட என்னையத் தின்னு பொழைக்கிறதுதான் அதிகம்' என்று முதுகைச் சொறிந்துகொண்டே சொல்வான்.

அன்று சாயங்காலம் துவைக்கிற துணியில் அவன் சட்டையைத் தேடி எடுத்துக் காலரில் மூக்கை வைத்தாள். இரண்டு நாள் உடம்பில் கிடந்த சட்டை. அக்குளில் வைத்தாள். திருப்பிப்போட்டு முதுகுப் பக்கம் வைத்தாள். புதுச்சட்டைக்காவது பசை வாசனை இருக்கும். இதில் அதுகூட இல்லை.

அப்போதுதான் அந்த போன் ஞாபகம் வந்தது. அவன் ஆஸ்பத்திரியில் கிடந்தது பத்தொன்பது நாள். பதினாலாம் நாள் விடியற்காலையில் வார்டிலிருந்து ஒரு நர்ஸ் கூப்பிட்டு, "முடிஞ்சிருச்சும்மா, ஆளோட வந்து வாங்கிக்கங்க" என்றாள். இவள் செருப்புகூடப் போடாமல் ஓடினாள். போய்ப் பார்த்தால் அவன் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். கட்டில் நம்பர் மாறிப்போச்சு, மன்னிச்சிருங்க என்று நர்ஸ் சொன்னாள். சொல்லும்போது அவள் இவளைப் பார்க்கவில்லை, அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். போன உயிர் திரும்பிய சந்தோஷத்தில் அன்று இவள் எதையும் கேட்கவில்லை. இப்போது கேட்கத் தோன்றியது. எந்தக் கட்டிலோடு மாறியது? அவனுக்கு இரண்டு பக்கமும் இருந்த கட்டில்கள் முந்தின வாரத்திலிருந்தே காலி.

ஆய்வுக்கூடத்தில் மோப்பச் சோதனைக்கு ஆட்களின் நைலான் சாக்ஸை வாங்குவார்கள். ஒரு நாள் முழுக்கப் போட்டுக் கழற்றிக் கொடுக்க வேண்டும். ஒரு ஜோடியை எடுத்துவந்து அவனிடம் நீட்டினாள்.

"ஆபீஸ்ல கேக்குறாங்க. ஒரு நாள் போட்டுக்குடுங்க."

அவன் சாக்ஸைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தான். "ஒரு நாள் எதுக்கு, நாலு நாளே போடுறேன்" என்றான்.

நாலு நாள் போட்டான். கழற்றவே இல்லை.

சோதனைக் குழாய் கண்ணாடியால் ஆனது, கவட்டைக் கம்பு மாதிரி முனையில் இரண்டாகப் பிரியும். ஒரு கிளையின் நுனியில் போட்ட சாக்ஸ், இன்னொன்றில் புது சாக்ஸ். பின்னாலிருந்து ஒரு சின்ன விசிறி இரண்டின் வாசனையையும் தள்ளும். அடிமுனையில் ஐம்பது பசித்த கொசுவைத் திறந்துவிட்டு எது எந்தப் பக்கம் போகிறது என்று எண்ணுவார்கள். எண்ணுகிற டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். கிளை பிரியும் இடத்தில் கொசுக்கள் குழம்பி நின்றன. மூன்றே மூன்று மட்டும் அவன் சாக்ஸின் விளிம்பில் போய் உட்கார்ந்தன.

"இந்த மூணும் உக்காந்தது நீ வெரலால பிடிச்ச எடம். இடுக்கியால எடுன்னு எத்தன தடவ சொல்றது?"

"மத்ததெல்லாம் ஏன் போகல டாக்டரம்மா?"

"துவைச்ச சாக்ஸக் கொண்டாந்தா எப்படிப் போகும்?"

"நாலு நாள் போட்டது."

"அப்ப போட்டது மனுஷன் கிடையாது." டாக்டரம்மா சிரித்தார். இவள் சிரிக்காததைக் கண்டு நிறுத்தினார். "இங்க பாரு. தூரத்துலேர்ந்து நம்ம மூச்சப் பிடிச்சு வருது. பக்கத்துல வந்ததும் தோல் வாசனை. கடைசில சூடு. அந்தத் தோல் வாசனைய நாம பண்றதில்ல, தோல் மேல குடியிருக்குற கிருமிங்க பண்ணுது. ஒருத்தர் மேல கொசு கொறைவா வரலாம். சுத்தமா வரலன்னா, அந்தத் தோல் மேல எதுவுமே உயிரோட இல்லைன்னு அர்த்தம். அப்படி ஒரு தோல் கிடையாது."

"செத்தவங்களுக்கு?"

"செத்தவங்க மேல இன்னும் ஜாஸ்தி இருக்கும்" என்றார் டாக்டரம்மா, அடுத்த குழாயைத் துடைத்துக்கொண்டே.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்த ஒரு வார்த்தை அவள் கூடவே நடந்தது. செத்தவர்களுக்கும் உண்டு. அப்படியென்றால் இது அதுவும் இல்லை.

தெருமுனையில் பக்கத்து வீட்டுக்காரி பிடித்துக்கொண்டாள். "உங்க வீட்டுல மட்டும் கொசுவே இல்லையாமே. ஆபீஸ் மருந்து ஏதாவது அடிக்கிறீங்களா? எங்களுக்கும் கொஞ்சம் கொண்டாந்து குடுக்கக் கூடாதா?"

உங்க வீட்டுல மட்டும். அவள் விறுவிறுவென்று படியேறினாள்.

மகள் தரையில் குப்புறப் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். அந்த வீட்டில் அவளுக்கு வாண்டு என்று பேர். எப்போதும் கால் முழுக்கக் கடித்த தடிப்பும் சொறிந்த பொருக்குமாக இருக்கும். இவள் குனிந்து பார்த்தாள். பொருக்கெல்லாம் உதிர்ந்திருந்தது. புதிதாக ஒரு தடிப்புகூட இல்லை. சுத்தமான, வழவழப்பான கால். பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளையின் உச்சந்தலையில் மூக்கைப் புதைத்தாள். பிறந்த நாளிலிருந்து அவளுக்குத் தெரிந்த வாசனை அது. வெயில், எச்சில், புளித்த பால், முடியிடுக்கில் ஊறிய வேர்வை.

இழுத்து மூச்சு விட்டாள். மறுபடி இழுத்தாள். எதுவும் வரவில்லை.

"அம்மா, கூசுது."

"வாண்டு, ராத்திரி அப்பா உன்கூடத்தானே படுக்குறாரு?"

"ஆமா. கையப் பிடிச்சுக்குவாரு. தூங்குனாலும் விட மாட்டாரு."

ஆறு மணிக்கே கூண்டு கழுவப் போக வேண்டியிருப்பதால் இவள் கதவோரம் தனியாகப் படுப்பாள். அவன் திரும்பியதிலிருந்து அவனை ஒரு தடவைகூடத் தொடவில்லை என்பது இப்போதுதான் புத்தியில் ஏறியது. கூச்சம் என்று நினைத்திருந்தாள். உடம்புக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

ஒரு கொசு போதும். பிள்ளை மேல் ஒரே ஒரு கொசு உட்கார்ந்தால் போதும், பிள்ளை இன்னும் பிள்ளைதான், அப்படியே தூக்கிக்கொண்டு எங்கேயாவது போய்விடலாம். மறுநாள் முழுக்க இதையே நினைத்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் வேலை முடிந்ததும், ஒரு நாள் பட்டினி போட்ட இருபத்தைந்து பெண் கொசுக்களை உறிஞ்சுகுழலால் இழுத்துக் காகிதக் கோப்பையில் விட்டு, வலைத்துணியால் வாயைக் கட்டி, சாப்பாட்டுப் பைக்குள் வைத்தாள். ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு கொசுவை வெளியே கொண்டுபோனாலும் வேலை போய்விடும். போகட்டும்.

கொசு தன்னைத் தேடி வந்துவிடக் கூடாது. அதனால் வீட்டு வாசலிலேயே நின்று கொசு விரட்டும் களிம்பை எடுத்து முகத்தில் தேய்த்தாள், கழுத்தில் தேய்த்தாள், கால்களில், வலது கையில். இடது கையில் தேய்க்கவில்லை. எட்டு வருஷப் பழக்கம். தேய்க்கவில்லை என்பதே அவளுக்குத் தெரியவில்லை.

இருட்ட இன்னும் அரை மணி நேரம் இருந்தது. ஜன்னலைச் சாத்தினாள். கதவைச் சாத்தினாள். வாண்டு அதே இடத்தில் படம் வரைந்துகொண்டிருந்தாள். புருஷன் கட்டிலில், முழங்கால் மேல் கையை வைத்தபடி. இவள் கோப்பையைப் பிள்ளையின் பாதத்துக்குப் பக்கத்தில் வைத்து வலைத்துணியை அவிழ்த்தாள்.

"எத்தன கொண்டாந்த?" என்றான் அவன்.

"இருபத்தஞ்சு."

"பாவம். பசியோட இருக்கும்."

ரீங்காரம் மெதுவாக எழுந்தது. முதலில் ஒன்று, பிறகு நூல் பிரிவதுபோலப் பல. பிள்ளையின் குதிகாலுக்கு மேலே வந்தன. ஒரு சாண். நின்றன. ஆடுசதை மேலே நகர்ந்தன. முதுகு. முடி. பிள்ளை தலையைத் தூக்கி மூச்சு விட்டது. அந்த மூச்சுக்கு நேராகப் பறந்த ஒரு கொசு, காற்றே அடிக்காததுபோல, நேராக அதைக் கடந்து போனது.

உட்காரு.

உட்காரு.

ஒன்றும் உட்காரவில்லை.

சுருக்கென்று இடது மணிக்கட்டில் ஊசி இறங்கியது. பிறகு புறங்கையில். விரல் இடுக்கில். அவள் கையைத் தூக்கிப் பார்த்தாள். வந்துகொண்டே இருந்தன. விரல் நுனியிலிருந்து சட்டைக் கை முடிகிற இடம் வரை, இருபத்தைந்தும் அவள் மேல். அந்த வலி சுகமாக இருந்தது. தான் இன்னும் தான்தான்.

"வாண்டு, எந்திரி. கடைக்குப் போலாம்."

"அப்பா?"

"நீ மட்டும் வா."

பிள்ளை கட்டிலைப் பார்த்தது. அவன் தலையசைத்தான். "போ, அம்மா கூப்பிடுறால்ல."

வாண்டு எழுந்து வந்தாள். இரண்டு கையாலும் அம்மாவின் இடது கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கைகளில் குளிர் இல்லை. சூடும் இல்லை. சுவருக்கு என்ன சூடோ அந்தச் சூடு.

கட்டைவிரலில் உட்கார்ந்திருந்த கொசு பாதி குடித்த வயிற்றோடு ஊசியை உருவிக்கொண்டது. அடித்தால் ஒழியப் பாதியில் எழுகிற கொசுவை அவள் பார்த்ததில்லை. அடுத்து புறங்கையில் ஒன்று. மணிக்கட்டில் இரண்டு.

"போலாம்மா" என்றது பிள்ளை.

உதறினால் போதும். ஒரே உதறல். ஆறு வயதுக் கை, எத்தனை பலம் இருந்துவிடப் போகிறது? கதவு எட்டும் தூரத்தில்தான் இருந்தது.

அவள் பிள்ளையின் விரல்களை இறுக்கிப் பிடித்தாள்.

முழங்கைக்குக் கீழே இப்போது ஒன்றுகூட இல்லை. கடித்த தடிப்புகள் ஒவ்வொன்றாக அமுங்கிக்கொண்டிருந்தன. அதற்கு மேலே, சட்டைக் கைக்குக் கீழே மிச்சமிருந்த நாலு விரற்கடைத் தோலில், அத்தனை கொசுக்களும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருக்கிக்கொண்டு குடித்தன.