ஓரத்தில் ஒரு வரி

"தாத்தா, உங்களுக்கு மட்டும் ஏன் பிறந்தநாளே வர மாட்டேங்குது?"

இதைக் கேட்டபோது வாலுவுக்கு ஐந்து வயது. ஓய்வு பெற்ற பேருந்து நடத்துநரான தாத்தா, எதற்கும் ஒரு வேடிக்கைப் பதில் வைத்திருப்பவர். அன்று மட்டும் சட்டென்று எழுந்து போய்விட்டார்.

அத்தைதான் வாலுவைத் தனியே அழைத்துச் சொன்னாள். "தாத்தா பொறந்த அன்னைக்கே அவங்க அம்மா இறந்துட்டாங்கடி. தன்னாலதான் போயிட்டாங்கன்னு அவருக்கு மனசுக்குள்ள ஒரு முள்ளு. இனிமே கேக்காத."

வாலு அதற்குப் பிறகு கேட்கவில்லை. ஆனால் மறக்கவும் இல்லை.

இப்போது அவளுக்கு வயது பத்து. பல் மருத்துவமனையில் வரவேற்பாளரான அத்தை, வேலை முடிந்து வந்ததும் கணினியில், முன்னோர்களைத் தேடித் தரும் ஓர் இணையதளத்தில், குடும்ப மரம் வளர்ப்பாள். தண்ணீர் ஊற்ற வேண்டாத மரம் அது. "இவர் உங்கள் முன்னோராக இருக்கலாம்" என்று அந்த இணையதளம் அவ்வப்போது ஒரு துப்புக் கொடுக்கும். அத்தை யோசிக்காமல் "ஆம்" என்று அழுத்திவிடுவாள்.

"அத்தை, இங்க பாருங்க. இந்தப் பையன் அவங்க அப்பாவை விட நாலு வயசு பெரியவன்!"

"ஐயையோ!"

"அப்பாவை ஸ்கூல்ல கொண்டுபோய் விட்டதே இவராத்தான் இருக்கும்."

அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். "சரிடி வாலு, இனிமே துப்பு வந்தா நீயே சரிபாரு."

அப்படித்தான் ஒரு சனிக்கிழமை, தாத்தாவைப் பற்றிய துப்பு வாலுவின் கைக்கு வந்தது.

பழைய பிறப்பு, இறப்புப் பதிவேடுகளைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்துத் தளத்தில் போட்டிருந்தார்கள். அந்தப் படம்தான் மூல ஆவணம். அதை யாராவது பொறுமையாகப் படித்துத் தட்டச்சு செய்து தருவார்கள். அது அட்டவணை. நாம் தேடும்போது முதலில் கிடைப்பது அட்டவணைதான்.

அதில் தாத்தாவின் பிறப்புக்கும் அவர் அம்மாவின் இறப்புக்கும் ஒரே தேதி இருந்தது.

"பாத்தியா, தாத்தா சர்டிபிகேட்லயும் இதே தேதிதான். நமக்குத் தெரிஞ்சதுதான்," என்று அத்தை பெருமூச்சு விட்டாள். "ஆம்னு அழுத்திடு."

வாலு அழுத்தவில்லை. "தேதிக்கு மேல 'பதிவு நாள்'னு போட்டிருக்கே அத்தை. அப்படின்னா?"

"ஆபீஸ்ல போய் எழுதி வெச்ச நாள்."

"பொறந்த அன்னைக்கே போய் எழுதிடுவாங்களா?"

அத்தை நெற்றியைச் சுருக்கினாள். "உன்னையே மூணு வாரம் கழிச்சுத்தான் எழுதினோம்."

வாலு திரையைக் கீழே நகர்த்திக்கொண்டே போனாள். கடைசியில் "பிற குறிப்புகள்" என்ற சிறிய பெட்டி. அதில் யாரோ தட்டச்சு செய்திருந்தார்கள்:

"பதிவேட்டின் ஓரத்தில் மிக மங்கலாக: தாயின் இறப்பைப் பதிய வந்தபோது, முன்பு விடுபட்ட குழந்தையின் பிறப்பும் சேர்த்துப் பதியப்பட்டது. குழந்தைக்கு வயது ஏழு மாதம்."

இருவரும் மூல ஆவணத்தைத் திறந்தார்கள். பழுப்பேறிய தாள். அதன் ஓரத்தில் எறும்பு ஊர்ந்ததுபோல் ஒரு வரி. பெரிதாக்கப் பெரிதாக்க, எழுத்துகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. *ஏழு மாதம்.*

வாலு அந்த வரியை விரலால் தொட்டாள். "இதை டைப் பண்ணது யாரு அத்தை?"

"யாரோ ஒரு தன்னார்வலர். பேர் போட மாட்டாங்க. பேரும் தேதியும் அடிச்சாலே போதும். ஓரத்துல இருக்கறதை எழுதணும்னு கட்டாயமே இல்ல."

"அவங்களுக்கு நன்றி சொல்ல முடியாதா?"

"எங்கேன்னு தேடுவே?"

தாத்தா சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். வாலு ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தாள்.

"தாத்தா, நீங்க பொறந்து ஏழு மாசம் கழிச்சுத்தான் உங்க அம்மா போயிருக்காங்க. உங்களால இல்ல!"

தாத்தா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். சுவிட்சை அணைத்தார். திரைக்கு முன்னால் உட்கார்ந்து, அந்த வரியை உதடு அசைய அசையப் படித்தார்.

"ஏழு மாசக் குழந்தை என்னல்லாம்மா பண்ணும்?"

"உக்காரும் தாத்தா. சிரிக்கும். மூக்கைப் புடிச்சு இழுக்கும். பக்கத்து வீட்டுப் பாப்பா அப்படித்தான்."

"அப்போ அம்மா என்னைத் தூக்கி வெச்சிருந்திருக்காங்க," என்றார் தாத்தா மெதுவாக. "நான் சிரிச்சதைப் பாத்திருக்காங்க."

அவர் கைகள் தாமாகவே குவிந்தன. எதிரில் இருந்தது வெறும் கணினித் திரைதான். ஆனால் அந்த நேரத்தில் யாருக்கும் அது அப்படித் தோன்றவில்லை.

பிறகு வாலுவின் பக்கம் திரும்பினார். "கணக்குப் போடு. எந்த மாசம் வருது?"

வாலு பதிவு நாளிலிருந்து ஏழு மாதம் பின்னோக்கி விரல்விட்டு எண்ணினாள். "அடுத்த மாசம்!"

"அப்படிப் போடு! எனக்கு எழுபது வருஷத்துக் கேக் வரணும். ஒண்ணையும் விட மாட்டேன்."

அன்று மாலை வீட்டில் அனைவரும் கூடத்தில் அதே பேச்சாக இருந்தார்கள். வாலு மட்டும் கணினி அறைக்கு நழுவினாள். தளத்தில் தன்னார்வலர்களுக்கான "படிக்கக் காத்திருக்கும் பக்கங்கள்" என்ற இடத்தைத் திறந்தாள். எந்த ஊரோ, எந்தக் குடும்பமோ. பெயரையும் தேதியையும் தட்டச்சு செய்தாள். பக்கத்தின் ஓரத்தில் ஒரு மங்கல் கிறுக்கல் இருந்தது.

தலையைச் சாய்த்துப் பார்த்தாள். பெரிதாக்கிப் பார்த்தாள். எழுத்துகள் புழுவாய் நெளிந்தன. விடாமல் ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தாள்: "இரட்டைக் குழந்தைகள். இரண்டும் நலம்."

அதைப் பிழையில்லாமல் "பிற குறிப்புகள்" பெட்டியில் எழுதினாள். மறுபடியும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு "அனுப்பு" என்பதை அழுத்தினாள்.

திரையை அணைத்துவிட்டு, கேக்கில் எந்தப் பழம் போடுவது என்ற சண்டையில் சேர்ந்துகொள்ளக் கூடத்துக்கு ஓடினாள்.